வழிநூல் எழுதும் உரிமை

மத்திய ரயில்வேயில் பாண்டுப்பிலிருந்து சி.எஸ்.எம்.டி. பக்கம் போனால் அடுத்த நிலையம் காஞ்சூர்மார்க். அங்கே இறங்கி மேற்கே போனால் பவாய் ஏரியை ஒட்டி ஐ.ஐ.டி. பாம்பே வளாகம். தகவல் தொழில்நுட்பவழிக் கல்விக்கென்று மத்திய அரசு 2009இல் தொடங்கிய தேசிய இயக்கத்தின் நிதியில் இந்த வளாகத்தில் பெரிய வேலைகள் நடந்திருக்கின்றன. வேதிப் பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் இங்கே உருவானவை. கட்டற்ற மென்பொருளைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோகும் 'ஃபாஸி' திட்டமும், கணினிப் பேராசிரியர் தீபக் பாட்டக் நடத்திய பத்தாயிரம் ஆசிரியர் பயிற்சித் திட்டமும் இங்கிருந்து கிளம்பியவைதாம். செம்பூரைத் தாண்டி மான்குர்த்தில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. பள்ளிகளுக்கான தேசியத் திறந்தநிலைக் கல்வி வளக் களஞ்சியம் 2013 ஆகஸ்ட் 13 அன்று தொடங்கப்பட்டபோது அதற்கான இணைய மேடையைக் கட்டித் தந்தது அந்த மையத்தின் ஆய்வுக்கூடம். ஆக, நாட்டுக்கே பொதுவான கல்விப் பொருள்கள் விளையும் நிலம் மும்பையின் கிழக்குப் புறநகர். அதே புறநகரின் கலை, அறிவியல், வணிகக் கல்லூரிகளில் தேர்வுக்கு முந்தைய வாரம் மாணவர் கையில் இருப்பதோ செராக்ஸ் கடை நோட்ஸும் பதிப்பகத்துக் கைடும்தான். இந்த இடைவெளிக்குச் சரக்குப் பற்றாக்குறை காரணமில்லை. ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. திறந்த பாடங்கள் ஆசிரியரை வந்தடைவது காட்டிவிட்டுப் போகும் பொருளாகத்தான். திருத்தி எழுதும் பொருளாக அல்ல. திருத்தி எழுதுவதை ஒரு வேலையாக நம் உயர்கல்வி இன்னும் கணக்கில் வைக்கவும் இல்லை. இந்த இரண்டையும் நேராக்காமல் எத்தனை தளங்கள் திறந்தாலும் வகுப்பறையில் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை.

இலவசம் வேறு, திறந்திருப்பது வேறு. யூடியூபில் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும் பாடம் இலவசம். அதன் உரையை எடுத்து, வெட்டி, சேர்த்து, மொழிமாற்றி, மறுபடி ஊருக்குக் கொடுக்கும் உரிமை பார்ப்பவருக்கு இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் வைக்கப்போவதாக 2001இல் அறிவித்தது. மறுவருடம் யுனெஸ்கோ பாரிசில் கூட்டிய கூட்டத்தில் 'திறந்தநிலைக் கல்வி வளங்கள்' என்ற பெயர் பிறந்தது. 2019 நவம்பரில் யுனெஸ்கோ ஏற்ற பரிந்துரையும் விலையின்மையோடு நிற்கவில்லை. மறுபயன்பாடு, மாற்றியமைத்தல், மறுபகிர்வு ஆகிய உரிமைகளையும் வரையறைக்குள் வைத்தது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் வைலி இதை ஐந்து உரிமைகளாகச் சொல்வார்: வைத்துக்கொள்ளலாம், மீண்டும் பயன்படுத்தலாம், திருத்தலாம், மற்றொன்றோடு கலக்கலாம், பகிரலாம். தமிழ் படித்தவருக்கு இது புதுக் கணக்கு அல்ல. தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூலுக்குத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நால்வகை சொல்லியிருக்கிறது. முன்னோர் நூலைச் சுருக்குவதும் விரிப்பதும் வேற்று மொழியிலிருந்து கொண்டுவருவதும் புலமைக்குரிய செயல்கள் என்று இலக்கணமே இடம் ஒதுக்கிய மரபு இது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் செய்வதெல்லாம், காப்புரிமைச் சட்டம் அடைத்துவிட்ட அந்த வழிநூல் வாசலை மறுபடி திறப்பதுதான்.

அந்த வாசல் வழியே யார் போகிறார்கள் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. வளரும் நாடுகளில் திறந்தநிலை வளங்களின் பயன்பாட்டை ஆராய, கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதியில் நடந்த திட்டம் 21 நாடுகளில் 18 ஆய்வுகளாக விரிந்தது. அதன் முடிவுகள் 2017இல் தொகுப்பாக வந்தன. அவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் தெரிவது இதுதான்: கிடைத்ததை அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் ஆசிரியர் நிறைய, மாற்றிப் பயன்படுத்துபவர் குறைவு, மாற்றியதைத் திரும்பப் பொதுவில் வைப்பவர் அரிது. அதே தொகுப்பில் சஞ்சய மிஸ்ராவும் அல்கா சிங்கும் இந்தியாவின் நான்கு பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆசிரியர்களின் மனப்பான்மை சாதகமாகவே இருந்தது. தடையாக நின்றவை காப்புரிமையும் உரிமங்களும் பற்றிய தெளிவின்மையும் நிறுவனத்தின் ஆதரவின்மையும். மனம் இருக்கிறது, வழிதான் இல்லை என்று இதைப் படிக்கலாம். நான் இன்னும் ஒரு படி போவேன். மாற்றாமல் பயன்படுத்துவது ஒரு குறைந்த பயன்பாடு என்பதோடு நிற்காது. பல பாடங்களில் அது பயன்பாடே ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மும்பைப் புறநகரில் பெருங்கூட்டம் படிப்பது பி.காம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் பாடநூல்கள் வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸ், 2019இல் கணக்கியல் நூல் ஒன்றை இலவசமாக, மாற்றி எழுத அனுமதிக்கும் உரிமத்தோடு வெளியிட்டது. தெளிவான நடை, நிறையப் பயிற்சிக் கணக்குகள். அதை அப்படியே பாண்டுப் மாணவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? பாலன்ஸ் ஷீட்டில் அமெரிக்க வழக்கம் சொத்துகளை முதலில் வைக்கும். அவற்றிலும் ரொக்கம் போலச் சீக்கிரம் பணமாகும் நடப்புச் சொத்துகள் மேலே நிற்கும். நம் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையின் முதல் பிரிவு இதற்கு நேர்மாறு: பங்கு மூலதனமும் பொறுப்புகளும் முதலில், சொத்துகள் பிறகு, அவற்றில் நிலம், கட்டடம், இயந்திரம் போன்ற நடப்பல்லாச் சொத்துகள் முதலில். சரக்கு மதிப்பீட்டு அத்தியாயத்தில், கடைசியில் வாங்கியது முதலில் வெளியேறியதாகக் கொள்ளும் லைஃபோ முறையும் மற்ற முறைகளுக்குச் சமமாகக் கற்பிக்கப்படும். இந்தியக் கணக்கியல் தரம் அதை ஏற்பதில்லை. விற்பனை வரி அங்கே மாநிலந்தோறும் வேறு. இங்கே 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி., மாநிலத்துக்குள் விற்றால் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என இரண்டாகப் பிரியும்; மாநிலம் தாண்டினால் ஐ.ஜி.எஸ்.டி.; உள்ளீட்டு வரி வரவு தனி. நூலை நம்பி விடைத்தாளில் எழுதும் மாணவர் மதிப்பெண் இழப்பார். அதனால்தான் நல்லறிவுள்ள ஆசிரியர் அதைத் தொடாமல் கைடுக்கே திரும்புகிறார். அந்த நூலுக்கு வேண்டியது மூன்று திருத்தம்: வரிசையை மாற்றி, லைஃபோவை ஒப்பீட்டுக் குறிப்பாகச் சுருக்கி, வரிப் பகுதியைப் புதிதாக எழுதினால் கைடை விடப் பல மடங்கு நல்ல பாடம் கையில் இருக்கும். கைடு செய்முறையை மட்டும் சொல்லும்; இந்த நூல் ஏன் என்பதையும் சொல்கிறது. உரிமம் இத்தனைக்கும் இடம் கொடுத்திருக்கிறது. மாணவர் கைக்கு அது போய்ச் சேர்வதற்குக் குறைவது யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

உரிமம் இருந்தாலே திருத்த முடிந்துவிடுமா என்றால், பொருளின் வடிவமும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003 முதல் உருவாக்கிய என்.பி.டி.இ.எல். காணொளி விரிவுரைகள் நாட்டின் பெரும் சொத்து, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மணி நேரம் ஓடும் விரிவுரையில் பதினேழாம் நிமிடத்தில் வரும் எடுத்துக்காட்டை மட்டும் மாற்ற ஓர் ஆசிரியரால் முடியுமா? முடியாது. சட்டம் அனுமதித்தாலும் வடிவம் அனுமதிக்காது. ஸ்போக்கன் டுடோரியல் இந்த இடத்தில் வேறு பாதை எடுத்தது. ஒவ்வொரு பாடமும் பத்து நிமிடம் அளவில்தான். பாடத்துக்கு முன்னால் எழுத்துப் பிரதி தயாராகும்: பக்கம் இரண்டு பத்தியாகப் பிரிந்திருக்கும்; ஒரு பக்கம் திரையில் என்ன தெரிய வேண்டும், மறுபக்கம் குரல் என்ன சொல்ல வேண்டும். அந்தப் பிரதியைத் துறை தெரிந்தவர் ஒருவர் பார்ப்பார். பிறகு அந்த மென்பொருளே தெரியாத புதியவர் ஒருவரிடம் கொடுத்து, அவரால் தானாகச் செய்ய முடிகிறதா என்று சோதிப்பார்கள். பதிவு முடிந்ததும் எந்த நொடியில் எந்த வாக்கியம் என்று குறித்த நேரப் பிரதி ஒன்று கிடைக்கும். தமிழில் குரல் கொடுப்பவர் அந்த நொடிக்குள் அடங்கும்படி தன் வாக்கியத்தை அமைத்துக்கொள்வார். திரை ஆங்கிலத்திலேயே இருக்கும். குரல் மட்டும் மாறும். வேலைக்குப் போகிற இடத்தில் மாணவர் பார்க்கப்போவது ஆங்கிலத் திரையைத்தான் என்பது அவர்கள் கணக்கு. தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், பைத்தான், சைலாப் பாடங்கள் இப்படி வந்திருக்கின்றன. தாராவி போன்ற இடங்களில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு ஆங்கில வழிக் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு, காது தமிழிலும் கண் ஆங்கிலத்திலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இந்தப் பத்து நிமிடம் என்ன பொருள்படும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். முழுத் தமிழ்ப் பாடமோ முழு ஆங்கிலப் பாடமோ கொடுக்க முடியாத ஒரு பாலம் அது. பாடம் எழுத்துப் பிரதியாகப் பிரிந்து கிடந்ததால் மட்டுமே அந்தப் பாலம் கட்ட முடிந்தது.

ஃபாஸி திட்டத்தின் 'பாடநூல் துணை' முயற்சி இதே கேள்வியின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. பொறியியலில் ஊரறிந்த பாடநூல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் தீர்த்துக் காட்டப்பட்டிருக்கும் கணக்குகளைச் சைலாபிலோ பைத்தானிலோ நிரலாக எழுதித் தர வேண்டும். எழுதியவருக்குச் சிறு மதிப்பூதியம் உண்டு. மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து நூற்றுக்கணக்கான நூல்களுக்கு இப்படித் துணை எழுதியிருக்கிறார்கள். ஆனால் மூல நூல் பதிப்பகத்தின் காப்புரிமைக்குள் இருப்பதால் கணக்கின் வாசகத்தை அதில் சேர்க்க முடியாது. நிரல் மட்டுமே திறந்த வெளியில் நிற்கும். சூத்திரம் இல்லாமல் உரை மட்டும் ஊர் சுற்றுவது போன்ற நிலை. நம் உரையாசிரியர்கள் இப்படி எழுத வேண்டி வந்திருந்தால், மூலத்தையும் உரையோடு சேர்த்துக் காத்த பணி பெருமளவு நடந்தே இருக்காது. மூலமும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது வெறும் கொள்கைப் பிடிவாதம் இல்லை என்பதற்கு இது போதும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு, ஐ.ஐ.டி. பேராசிரியர் நேராகவே கற்பிக்கும்போது இணைப்புக் கல்லூரி ஆசிரியர் அதைத் திருத்துவானேன், அப்படியே காட்டினால் தரம் உயருமே என்பது. துறைப் புலமையில் ஐ.ஐ.டி. விரிவுரை உயர்ந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தரம் என்பது பாடத்துக்குள் மட்டும் இருப்பதில்லை; படிப்பவர் நிற்கும் படிக்கும் பாடம் தொடங்கும் படிக்கும் உள்ள தூரத்திலும் இருக்கிறது. கடுமையான நுழைவுத் தேர்வைத் தாண்டி வந்த வகுப்பை மனத்தில் வைத்துப் பேசிய விரிவுரை, இரவு வேலை பார்த்துவிட்டுக் காலை ஏழு மணி வகுப்புக்கு வரும் வணிகக் கல்லூரி மாணவரை எட்டுவதற்கு நடுவில் இரண்டு மூன்று படிகள் கட்ட வேண்டும். எந்த இடத்தில் பிள்ளைகள் திணறுகிறார்கள் என்று தெரிந்தவர் அந்த வகுப்பின் ஆசிரியர்தான். அவரைக் காணொளி ஓட்டுபவராக்கிவிட்டால் அந்த அறிவு வீணாகிறது.

இரண்டாவது மறுப்பு சட்டத்திலிருந்து வருகிறது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ராமேஷ்வரி செராக்ஸ் கடைமீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கு பலருக்கும் நினைவிருக்கும். 2016 செப்டம்பரில் தனி நீதிபதியும் டிசம்பரில் இருவர் அமர்வும் தீர்ப்பளித்தார்கள். கற்பித்தலின் பகுதியாக நூல் பகுதிகளைப் படியெடுத்துத் தொகுப்பாகக் கொடுப்பதற்குக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது என்று நிலைநாட்டப்பட்டது. அப்படியானால் செராக்ஸே போதுமே, திறந்த உரிமம் எதற்கு? அந்தத் தீர்ப்பு ஏழை மாணவருக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. அதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனாலும் அது காப்பது படியெடுப்பதை. ஆசிரியர் ஒரு நூலின் அத்தியாயத்தைத் திருத்தி, விரித்து, தமிழில் மாற்றி, அதை உல்லாஸ்நகரிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் இன்னொரு ஆசிரியர் எடுத்து மேலும் திருத்தும்படி இணையத்தில் வெளியிட அது வழி செய்யவில்லை. செராக்ஸ் தொகுப்பு அந்த வகுப்போடு முடிந்துவிடும்.

மூன்றாவது மறுப்பு மும்பைக்கே உரியது என்று சொல்லலாம். தனியார் கோச்சிங் வகுப்புகள் செழிக்கும் இந்த ஊரில், பாடுபட்டு எழுதித் திறந்துவைத்ததை யாராவது எடுத்து அட்டை மாற்றி விற்றுவிட்டால்? அஞ்ச வேண்டிய விஷயம்தான். பலர் இதற்காகவே வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தைத் தேர்கிறார்கள். மாசசூசெட்ஸ் பாடங்களும் அந்த உரிமத்தில்தான் இருக்கின்றன. எனக்கு அதில் தயக்கம் உண்டு. கட்டணம் வாங்கும் சுயநிதிப் பாடப்பிரிவில் அந்தப் பாடத்தைக் கற்பிப்பது வணிகமா, இல்லையா? அடக்க விலைக்கு அச்சிட்டுக் கொடுக்கும் செராக்ஸ் கடைக்காரர் வணிகரா? விடை தெளிவில்லாத இடத்தில் ஆசிரியர் பயந்து ஒதுங்கிவிடுவார். ஸ்போக்கன் டுடோரியல் எடுத்துக்கொண்ட உரிமம் இதைவிட நல்ல காவல்: யாரும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் மூலவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் திறந்தே வைக்க வேண்டும். விற்பவரின் திருத்தமும் ஊர்ப் பொதுவுக்குத் திரும்பி வந்துவிடும். தமிழ்நாட்டில் நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் இந்த அச்சத்துக்கு வேறொரு விடை. பாரதியின் படைப்புகளை 1949இல் அரசு வாங்கிப் பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. அதனால் பதிப்பாளர் பலர் பணம் பார்த்தார்கள் என்பது உண்மை. பாரதி மலிவு விலையில் வீடுதோறும் போய்ச் சேர்ந்ததும் அதே திறப்பினால்தான்.

ஆளுக்கு ஆள் திருத்தினால் பிழை பெருகாதா என்ற நான்காவது மறுப்பைத்தான் நான் மிகக் கனமாக எடுத்துக்கொள்கிறேன். பெருகும். வாட்ஸ்அப்பில் கைமாறும் பெயரில்லாத பி.டி.எஃப். நோட்ஸில் இப்போதே பெருகியிருக்கிறது. யார் எழுதியது, எந்த வருடச் சிலபஸ் என்று எதுவும் தெரியாமல். பிழைக்கு மருந்து திருத்தத்தைத் தடுப்பதில் இல்லை, திருத்தியவர் பெயரையும் திருத்திய இடத்தையும் வெளிப்படையாக வைப்பதில் இருக்கிறது. திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதினார்கள் என்பது மரபு. பரிமேலழகர் தமக்கு முந்தியவர்களின் பாடத்தையும் பொருளையும் எடுத்துக்காட்டி மறுக்கிறார். படிப்பவர் இரண்டையும் எடைபோட முடிகிறது. கணக்கியல் அத்தியாயத்தின் தலைப்பிலேயே மூல நூல் எது, எந்தப் பகுதி யாரால் எந்த ஆண்டு மாற்றப்பட்டது, யார் சரிபார்த்தார் என்று நான்கு வரி இருந்தால் அது கைடை விட நம்பகமான ஆவணம். துறை வல்லவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்ற பவாய்க்காரர்களின் இரட்டைச் சோதனையை எந்தக் கல்லூரித் துறையும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரை வைத்தே நடத்தலாம்.

மிச்சமிருப்பது நேரமும் மதிப்பும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலை விதிக்கின்றன. அதே விதிகளின் ஆய்வு மதிப்பெண் அட்டவணையில், வணிகவியல் ஆசிரியர் அங்கீகரிக்கப்பட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினால் 10. நான்கு பகுதிகளும் கொண்ட முழு இணையப் பாடம் ஒன்றைப் புதிதாக உருவாக்கினால் 20. முழுப் பாடத்துக்கான மின் உள்ளடக்கம் தயாரித்தால் 12. ஓர் அத்தியாயத்தை மொழிபெயர்த்தால் 3, முழு நூலை மொழிபெயர்த்தால் 8. ஏற்கெனவே திறந்திருக்கும் நல்ல பாடத்தை எடுத்துத் தம் மாணவருக்கேற்பத் திருத்தி வெளியிட்டால் எவ்வளவு என்று தேடிப் பார்த்தால் அதற்கென்று ஒரு வரி கிடையாது. வழிநூல் நால்வகையில் மொழிபெயர்ப்புக்குத் தெளிவான இடம் உண்டு. பிறர் கட்டுரைகளைத் தொகுத்துப் பதிப்பித்தாலும் உண்டு. விரித்தலுக்கும் தொகைவிரிக்கும் இல்லை. புதிதாகச் செய்தால்தான் மதிப்பு என்னும்போது, ஒரே அத்தியாயத்தை நூறு கல்லூரிகளில் நூறு பேர் முதலிலிருந்து செய்வார்கள். நூறும் அரைகுறையாக நிற்கும். மொழிபெயர்த்த அத்தியாயத்துக்குத் தரும் அந்த 3ஐ, இருவர் சரிபார்த்த திருத்திய அத்தியாயத்துக்கும் தருவதற்கு அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆனால் மகாராஷ்டிரத்தில் பதவி உயர்வு அட்டவணை எட்டாத ஆசிரியர் ஏராளம். நிரப்பப்படாத பணியிடங்களில் மணிக்கணக்கில் அமர்த்தப்படும் இவர்களை இங்கே 'தாசிகா' ஆசிரியர் என்றும் சி.எச்.பி. என்றும் சொல்வார்கள். வகுப்பில் நின்ற மணிக்கு மட்டும் ஊதியம். பாடம் தயாரித்த மணிக்கு இல்லை. இந்தப் பருவம் பாண்டுப், அடுத்த பருவம் முலுண்டு அல்லது கல்யாண் என்று மாறிக்கொண்டிருப்பவர் அவர். அவர் தயாரித்த நோட்ஸும் பென் டிரைவில் கூடவே போய்விடுகிறது. அவருக்கு மதிப்பெண்ணை விட மணிதான் முக்கியம். ஒரு பருவத்தில் பத்து மணி நேரத்தைத் திறந்த பாடம் திருத்தும் பணிக்கென்று கல்லூரி ஒதுக்கி, கற்பிக்கும் மணிக்குரிய அதே தொகையை அதற்கும் கொடுக்கட்டும். மூன்றாம் அட்டவணைப்படி வரிசை மாற்றிய பாலன்ஸ் ஷீட் அத்தியாயம் அவர் பெயரோடு வெளிவரும். அவர் முலுண்டுக்குப் போன பிறகும் அது பாண்டுப்பில் இருக்கும்; அங்கே அவர் முதல் வகுப்பு எடுக்கும் நாளில் அங்கேயும் இருக்கும்.